மக்கா சென்ற மாணவன்

மேற்படிப்புக்காகப் பிறநாடு செல்லும் பிள்ளைகள், புறப்படுமுன் தமக்குக் கற்பித்த ஆசிரியரிடம் வந்து விடைபெற்றுச் செல்வது நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவரும் நல்வழக்கம். அவ்வாறு வருவோரின் முகத்தை நாம் பலமுறை உற்றுநோக்கியிருக்கின்றோம். அதிலே மகிழ்ச்சி மிகுதி, கலக்கம் சிறிது. உடன்வந்து ஒருபுறம் ஒதுங்கி நிற்கும் அன்னையின் முகத்திலோ மகிழ்ச்சி சிறிது, கலக்கமே மிகுதி. போகிற இடத்திலே பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பதே அவள் வாய்விட்டுக் கேளாது மனத்துள் அடக்கிக்கொள்ளும் கேள்வி.

இக்கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன், ஆபிரிக்காவின் வடமேற்குக் கோடியிலே, மொரோக்கோ நாட்டுத் துறைமுகமாகிய தாஞ்சியரில் வாழ்ந்த ஓர் அன்னையும் இதையே எண்ணிக் கலங்கியிருப்பாள். 1325 ஆம் ஆண்டு யூன் மாதம் 14 ஆம் நாள், இருபத்தொரு வயதே நிரம்பிய அவள் மகன் தன்னந்தனியனாய் வீட்டைவிட்டுப் புறப்பட்டான். தாயும் தந்தையும் உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிவது இரு பாலார்க்கும் பெருந்துயராயிருந்தது என்பதை அவனே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளான். வழித்துணை என்று ஒருவரும் இலர். அவன் நாடிச் சென்ற இடம் மக்கா மாநகரம். அவன் பெயர் இப்னு பதூதா.

ஆசியாவையும் ஆபிரிக்காவையும் அளந்து வந்த பெரும் பயணி என்று வரலாற்று நூல்கள் அவனைப் புகழ்கின்றன. அப்பெரும் பயணியை நாம் இங்கு ஒருபுறம் வைத்துவிடுவோம். காய்ச்சலும் கண்ணீருமாய்த் திருநகரை நோக்கிச் சென்ற மாணவனை மட்டுமே பின்தொடர்வோம். முஸ்லிம் அல்லாதார் மக்கா நகரினுட் புகுதல் இயலாது. ஆதலின், நம்மனோர் அதனைக் காண வேண்டுமாயின், சென்றவன் கண்கொண்டே காணல் வேண்டும்.

அவனை மாணவன் என்று நாம் கூறுவது வெறும் புனைவன்று. அவன் பிறந்தது நீதிபதிகளாகிய காழிமார் பலரைத் தந்த குடும்பம். இஸ்லாமியச் சட்டத்தில் மாலிக்கி மரபினை ஊரிலே பயின்ற அவனுக்கு, ஹஜ் யாத்திரையே உயர்கல்விக்கும் வாயிலாயிற்று. அக்காலத்தே ஒருவன் கற்றதற்குச் சான்று, அவனுக்குப் பாடஞ்சொன்ன ஆசிரியர் தம் கையால் எழுதிக்கொடுக்கும் 'இஜாஸா' என்னும் அநுமதிப் பத்திரமாகும். இந்நூலை என்னிடம் கேட்டான். இனிப் பிறர்க்கு ஓதலாம் என்பது அதன் கருத்து. கல்விக்கூடத்தின் புகழினும் ஆசிரியரின் பெயரே அங்கு பெரிது. ஆதலால் நல்லாசிரியர் எங்கிருந்தனரோ அங்கெல்லாம் மாணவர் நடந்தனர்.

தூனிஸ் நகரிலே ஒரு கண்ணீர்

இன்றைய அல்ஜீரியாவிலுள்ள பிஜாயா என்னும் பட்டினத்தை அடைந்தபோது இளைஞனைக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. குணமாகும்வரை இங்கே தங்குக என்று உடன்வந்த பெரியவர் ஒருவர் சொன்னார். அவன் இசையவில்லை. சாவதே விதியாயின், புனித பூமியை நோக்கிய வழியிலேயே சாவேன் என்றான். இளமையின் பிடிவாதம் எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும்! பெரியவர் அவனோடு வாதாடவில்லை. "அப்படியாயின் உன் விலங்கையும் பாரமான பொருள்களையும் விற்றுவிடு, நான் உனக்கு ஏறிச்செல்ல ஒரு விலங்கும் கூடாரமும் இரவல் தருகிறேன்" என்ற கருத்துப்பட மொழிந்து, அவ்வாறே உதவினார்.

கொன்ஸ்தந்தீன் நகரின் புறத்தே பெருமழையில் அகப்பட்டு இரவெல்லாம் நனைந்தான். காலையில் அந்நகரின் ஆளுநர் அவனது கந்தையும் சேறுமான உடையைக் கண்டு, அதனைத் துவைப்பித்துக் கொடுத்ததுமன்றி, புதிய மேலாடை ஒன்றையும் அனுப்பினார். அதன் முனையிலே இரண்டு பொற்காசுகள் முடிந்திருந்தன. பயணத்தில் தான் பெற்ற முதற்கொடை அதுவே என்று அவன் எழுதிவைத்தான். முப்பதாண்டு கழிந்தும் அந்த முடிச்சை அவன் மறக்கவில்லை.

மீண்டும் காய்ச்சல். வழியோ கள்வர்க்கு அஞ்சி விரைந்து செல்லவேண்டிய வழி. நின்றால் கூட்டம் போய்விடும். சேணத்திலிருந்து விழுந்துவிடாதபடி தலைப்பாகைத் துணியால் தன்னைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே தூனிஸ் நகர்வரை சென்றான்.

நகரத்தார் திரண்டு வந்து யாத்திரிகர்களை எதிர்கொண்டனர். உறவினரும் நண்பரும் ஒருவரையொருவர் தழுவி முகமன் கூறினர். அவனுக்கு மட்டும் முகமன் கூற அங்கு எவரும் இலர். இதுவரை நோயையும் மழையையும் தாங்கியவனால் இதனைத் தாங்க இயலவில்லை, விம்மி அழுதான். யாத்திரிகருள் ஒருவர் அழுகையின் காரணத்தை உணர்ந்து அருகே வந்து, முகமன் உரைத்து, நகரினுட் புகும்வரை அன்போடு பேச்சுக்கொடுத்துக்கொண்டே வந்தார்.

உலகையே சுற்றிய ஒருவன், தன் நெடும் பயண நூலிலே இச்சிறு நிகழ்ச்சியை விடாது சொல்லியிருப்பது கருதத்தக்கது. அந்த மனிதர் அவனுக்கு உணவு தந்ததாகவோ பணம் தந்ததாகவோ அவன் கூறவில்லை. தந்தது ஒரு சொல், அவ்வளவே. பின்னர் நூல் விற்போர் கல்லூரி என வழங்கிய மதரசாவிலே அவனுக்கு இடம் கிடைத்தது. மக்கா செல்லும் கூட்டம் அவ்வாண்டிலேயே தூனிசிலிருந்து புறப்பட்டபோது அதற்குக் காழியாக நியமிக்கப்பெற்றவனும் அவனே. அழுதுகொண்டு நுழைந்த நகரை அவன் நீதிபதியாகக் கடந்து சென்றான்.

ஆசிரியர் இல்லமே தந்தை இல்லம்

எகிப்தை அடைந்து, செங்கடற்றுறையாகிய ஐதாப் வழியே கடல்கடக்க முயன்றான். அங்கே நடந்த போரினால் கப்பல்கள் அழிந்திருந்தமையின் வழி அடைபட்டது. வந்த வழியே கெய்ரோவுக்கு மீண்டு, வடக்கே திரும்பி, 1326 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 9 ஆம் நாள், றமழான் நோன்பு நடந்துகொண்டிருக்கையிலே டமஸ்கஸ் நகரினுட் புகுந்தான்.

அங்குள்ள உமையா பெரும் பள்ளிவாசல் அக்காலத்துப் பல்கலைக்கழகம் எனலாம். தூண்தோறும் ஓர் ஆசிரியர். அவரைச் சூழ மாணவர். இப்னு பதூதா அங்கே நபிமொழித் தொகுப்பாகிய சஹீஹுல் புகாரியைப் பதினான்கு அமர்வுகளிலே கேட்டு முடித்ததாகக் கூறுகின்றான். பலரிடம் இஜாஸா பெற்றான். அவர்களுள் ஸைனப், ஆயிஷா என்னும் பெண்மணியர் இருவரும் இருந்தனர். பதினான்காம் நூற்றாண்டிலே ஆடவர்க்குச் சான்றிதழ் வழங்கும் தகுதியோடு பெண்கள் கற்பித்தனர் என்பதை நம் மாணவியர் நினைவிற் கொள்வாராக. இத்தனை பாடங்கள் அத்துணைக் குறுகிய காலத்தில் எங்ஙனம் இயன்றன என்று ஐயுறும் ஆராய்ச்சியாளரும் உளர். அவர் ஐயத்துக்குக் காரணமுண்டு. ஏனெனில் அம்மாதத்திலேயே அவன் மீண்டும் நோயுற்றான்.

மாலிக்கி மரபின் ஆசிரியர் நூருத்தீன் ஸகாவி என்பார் நோன்பு திறக்கும் உணவுக்குத் தம் இல்லத்துக்கு அவனை அழைப்பது வழக்கம். சில இரவுகள் சென்றவன் பின்னர் வரக்காணாது ஆளனுப்பினார். காய்ச்சல் என்று அறிந்ததும் அவனை விடவில்லை. தம் வீட்டை அவன் தன் தந்தையின் வீடாகவோ உடன்பிறந்தான் வீடாகவோ எண்ணிக்கொள்ளுமாறு கூறி, மருத்துவரை அழைப்பித்து, மருந்தும் பத்தியமும் தம் வீட்டிலேயே ஆக்குவித்தார். பெருநாள் வரையும் அவன் அங்கேயே கிடந்தான். கையிலிருந்த பணமும் தீர்ந்துவிட்டது. அதனை அறிந்த ஆசிரியர், அவனுக்கென ஒட்டகங்களை வாடகைக்கு அமர்த்தி, கட்டுச்சோறும் அளித்து, மேற்செலவுக்குப் பணமும் கொடுத்தார்.

காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்ற அன்னையின் கேள்விக்கு இதோ விடை! தாஞ்சியரில் இருந்த அந்தத் தாய்க்கு இவ்விடை எட்டியதோ இல்லையோ, நாம் அறியோம்.

தனியொருவரின் இரக்கம் மட்டும் அந்நகரில் இருந்ததன்று. இரக்கத்தை நிலையான ஏற்பாடாகவே ஆக்கியிருந்தனர். நிலமோ கடையோ தோட்டமோ ஒன்றை விற்கவும் பிரிக்கவும் இயலாதபடி அறத்துக்கென ஒதுக்கி, அதன் வருவாயை ஒரு குறித்த நற்செயலுக்கே செலவிடும் முறைக்கு வக்பு என்று பெயர். நம் கோயில்களுக்கு விடப்பட்ட தரும சாதனங்களை ஒப்பது இது. ஹஜ் செல்ல இயலாதவரின் பொருட்டு யாத்திரை செய்வோர்க்கு ஒரு வக்பு. ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு ஒன்று. சிறைப்பட்டோரை மீட்க ஒன்று. வழிப்போக்கர்க்கு ஊணும் உடையும் அளிக்க ஒன்று. தெருவுக்குக் கல் பாவ ஒன்று. இவற்றையெல்லாம் டமஸ்கசிலே கண்டு அவன் வியந்தான்.

ஒருநாள் தெருவிலே அடிமைச் சிறுவன் ஒருவன், கையிலிருந்த சீனத்துப் பீங்கான் தட்டை நழுவவிட்டு உடைத்துவிட்டான். கூட்டம் கூடியது. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்பின் பொறுப்பாளரிடம் செல்லுமாறு ஒருவர் சொல்லி, தாமே அழைத்துச் சென்றார். துண்டுகளைக் கண்ட பொறுப்பாளர், புதுத்தட்டு வாங்கப் பணம் கொடுத்தனுப்பினார். எசமானின் அடிக்கும் ஏச்சுக்கும் அஞ்சி நடுங்கும் சிறுவன் ஒருவனுக்காக, என்றோ இறந்துபோன ஒரு செல்வர் முன்கூட்டியே பணம் வைத்துவிட்டுச் சென்றிருக்கின்றார்! உடைந்த பாத்திரத்துக்கென இருந்த அவ்வறம் உடைந்த உள்ளங்களையும் ஒட்டவைத்தது என்ற கருத்தில் இப்னு பதூதா அதனைப் பாராட்டுகின்றான்.

பாலைவழி

1326 செப்டெம்பர் முதலாம் நாள் டமஸ்கசிலிருந்து ஹஜ் கூட்டம் புறப்பட்டது. மதீனாவரை ஏறக்குறைய 1300 கிலோமீற்றர். தபூக் என்னுமிடத்திலே நீரூற்றருகே நான்கு நாள் தங்கி, எருமைத்தோலாற் செய்த பெருந்தொட்டிகளிலே நீர் நிரப்பி ஒட்டகங்களுக்கு ஊட்டி, தோற்பைகளையும் நிரப்பிக்கொள்வர். அப்பால் இராப்பகலாய் விரைந்து கடக்கவேண்டிய பெரும்பாலை. அவ்வழியிலே ஒரு பள்ளத்தாக்கு. முன்னொரு யாண்டு அங்கே அனற்காற்று வீசித் தோற்பைகளிலிருந்த நீரெல்லாம் வற்றிவிட, ஒருமுறை பருகும் நீரின் விலை ஆயிரம் பொற்காசாயிற்றாம். விற்றவரும் மாண்டார், வாங்கியவரும் மாண்டார். அங்குள்ள பாறையொன்றில் அதனை எழுதி வைத்திருந்தனர்.

அல் உலா என்னும் சிற்றூரில் யாத்திரிகர் தம் மிகைப்பொருள்களை வைத்துவிட்டு, வேண்டியவற்றை மட்டும் எடுத்துச் செல்வர். ஊரார் அவற்றை நேர்மையோடு காத்துவைப்பர். சிரியா நாட்டுக் கிறிஸ்தவ வணிகர் அவ்வூர்வரை வந்து யாத்திரிகர்க்கு உணவுப்பொருள் விற்றுத் திரும்புவர். அதற்கப்பால் அவர்கள் செல்வதில்லை. திருநகரின் எல்லை பிறசமயத்தாரைத் தடுத்ததாயினும், அதனை நாடிச் செல்வோர்க்கு உணவளிக்கும் தொழிலில் அவர்களுக்கும் பங்கிருந்தது.

மதீனாவிலே நபிகள் நாயகம் அடக்கமாகியுள்ள பள்ளிவாசலில் நான்கு நாள் தங்கினர். இரவுதோறும் முற்றத்திலே மெழுகுவர்த்திகள் எரிய, வட்டமாயமர்ந்து திருக்குர்ஆன் ஓதுவோர் ஒலி நிறைந்திருந்தது. பின்னர் தையலில்லாத வெள்ளாடை இரண்டை உடுத்து 'இஹ்ராம்' என்னும் விரதநிலை பூண்டனர். அரசனுக்கும் அவ்வுடை, ஆண்டிக்கும் அவ்வுடை. ஒன்றரை ஆண்டளவு நடந்த மாணவன், ஒருநாட் காலைப் பொழுதிலே மக்காவினுட் புகுந்தான்.

திருநகரிலே கண்டவை

மக்கா விளைநிலமற்ற மலைகளின் நடுவே கிடக்கும் வரண்ட பள்ளத்தாக்கு. பழங்கள் தாயிபிலிருந்து வரவேண்டும். தானியமும் நெய்யும் தேனும் தென்மலை நாட்டார் கொண்டுவர வேண்டும். அத்தகைய ஊரிலே இல்லை என்ற சொல் அரிதாயிருந்தமையே மாணவனைப் பெரிதும் கவர்ந்தது.

கஃபாவை ஏழுமுறை வலம்வந்ததும், ஸபா, மர்வா குன்றுகளிடையே ஓடியதும், ஸம்ஸம் நீர் பருகியதும், அரபா வெளியிலே நின்றதும் ஹஜ்ஜின் கடமைகள். அவற்றை எல்லா யாத்திரிகரும் செய்வர். அவற்றோடு நகர மக்களையும் இம்மாணவன் கண்கொண்டு நோக்கினான் என்பதே சிறப்பு.

வீட்டிற் பிசைந்த மாவைப் பொதுஅடுப்பிற் சுடுவித்து எடுத்துச் செல்பவன் பின்னே ஏழைகள் தொடர்வர். அவன் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு பிட்டுக்கொடுப்பான். ஓர் அப்பமே வைத்திருப்பினும், அதில் மூன்றிலொன்றோ பாதியோ மனங்கோணாது கொடுத்துச் செல்வான். விருந்து வைப்பவன் தன் சுற்றத்தார்க்கு முன்னே, நகரில் வந்து தங்கியிருக்கும் வறியவரை அழைத்து உண்பிப்பான்.

கடைவீதியிலே அநாதைச் சிறுவர்கள், பெரிதொன்றும் சிறிதொன்றுமாக இரண்டு கூடைகளோடு அமர்ந்திருப்பர். தானியமும் இறைச்சியும் காய்கனியும் வாங்குபவன், அவற்றைச் சிறுவனிடம் ஒப்படைத்துவிட்டுத் தொழுகைக்கோ வேறு அலுவலுக்கோ போய்விடுவான். தானியத்தை ஒரு கூடையிலும் மற்றவற்றை மறு கூடையிலும் இட்டுச் சிறுவன் வீட்டிற் சேர்ப்பான். கூலி சில செப்புக்காசு. அச்சிறுவருள் ஒருவனேனும் ஒருமுறையேனும் நம்பிக்கைத் துரோகம் செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை என்கின்றான். தந்தையற்ற பிள்ளையை யாசகனாக்காது, அவன் கையிலே பொருளையும் பெயரையும் நம்பி ஒப்படைத்த ஊர் அது.

மற்றொரு காட்சியும் சுவையானது. சட்டமரபுகள் நான்கிற்கும் பள்ளிவாசலிலே தனித்தனி இமாம்கள் அக்காலத்தில் இருந்தனர். மற்றைய வேளைகளிலே ஒருவர்பின் ஒருவராகத் தொழுவிப்பர். அந்தித் தொழுகைக்கு மட்டும் நேரம் குறுகியதாதலின் நால்வரும் ஒரே வேளையில் தொழுவிப்பர். ஒருவர் குரல் மற்றவர் குரலோடு கலக்க, வேறொரு கூட்டத்தின் குரல்கேட்டுக் குனிபவரும் நிமிர்பவருமாய்க் குழப்பம் உண்டாகும். வகுப்பறையில் நால்வர் ஒருங்கே பாடஞ்சொன்னால் மாணவர் படும் பாட்டை இது நமக்கு நினைவூட்டுகின்றது. நால்வர் இமாமாய் நிற்கும் அம்முறை இருபதாம் நூற்றாண்டிலே, சவூதி ஆட்சியில் நீக்கப்பட்டது.

ஹஜ் முடிந்தபின் ஈராக்கியரின் கூட்டத்தோடு மாணவன் வடதிசை சென்றான். அக்கூட்டத்தின் தலைவர், ஒட்டகத்தின் மேலமைந்த இருவர்க்குரிய பல்லக்கிற் பாதியை அவனுக்காகத் தம் செலவில் அமர்த்தினார். வறிய யாத்திரிகர்க்குக் குடிநீரும், நோயாளர்க்கு மருந்தும் சுமக்கவெனத் தனி ஒட்டகங்கள் உடன்சென்றன. பெரும் பித்தளை அண்டாக்களிலே சமைத்து ஏழைகளுக்கு உணவளித்தனர்.

1327 இல் அவன் மீண்டும் மக்காவுக்கு வந்தபோது நின்று தொழவும் வலியற்ற நோயாளியாயிருந்தான். கூட்டத்தலைவரின் குதிரைமீது இருந்தே கஃபாவை வலம்வந்தான். குணமடைந்து, முஸப்பரிய்யா என்னும் மதரசாவிலே தங்கினான். அதன் பலகணியினூடே கஃபா தெரியும். நகரில் அவன் தங்கியது ஓராண்டா மூன்றாண்டா என்பதில் ஆராய்ச்சியாளர் வேறுபடுவர். அவன் நூலில் மக்காவைப்பற்றிய வருணனை பலவும், அவனுக்கு முன் 1183 இல் யாத்திரை புறப்பட்ட இப்னு ஜுபைர் என்பாரின் நூலிலிருந்து எடுத்தாளப்பட்டவை என்பதும் உண்மை. எனினும், படிப்பிலும் வழிபாட்டிலும் கழிந்த அக்காலமே தன் வாழ்வின் இனிய காலம் என்று அவன் கருதியமை நூலிலே தெளிவு.

புத்தளத்தில் ஓர் அரசன்

இனி அவனை அவன் என்றல் தகாது. ஆண்டுகள் பல சென்றன. டில்லியிலும் மாலைதீவிலும் காழியாயிருந்து, நாற்பது வயதினராய், 1344 இல் இப்னு பதூதா நம் இலங்கைக் கரையை அடைந்தார். அவர் இறங்கிய இடம் புத்தளம். அப்போது அங்கிருந்து ஆண்டவன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. சைவத் தமிழ் மன்னன்.

மதுரையில் ஆண்ட சுல்தானுக்கு உறவினர் என்று அவர் தம்மை அறிவித்தார். அச்சுல்தானோடு நட்புப் பூண்டிருந்த மன்னன் அவரை வரவேற்றமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆயின் பின்னர் நடந்தது அரசியலைக் கடந்தது. பாரசீக மொழி அறிந்திருந்த அம்மன்னன் அவரோடு உரையாடி, முத்துகளைப் பரிசளித்து, வேண்டியதைக் கூச்சமின்றிக் கேட்குமாறு சொன்னான். ஆதிபிதா ஆதமின் பாதச்சுவடு உள்ள மலையைக் காண்பதையன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார் விருந்தினர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும், சைவர் சிவனொளிபாதமலை என்றும், பௌத்தர் ஸ்ரீபாத என்றும் போற்றும் மலை அது.

மன்னன் பல்லக்கொன்று கொடுத்தான். ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தன் பரிவாரத்தார் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரையும் உடனனுப்பினான். கொன்ஸ்தந்தீனில் இரண்டு பொற்காசை முடிந்துவிட்ட கை, டமஸ்கசிலே பத்தியம் வைத்த கை, இவற்றோடு ஒரு சைவ மன்னனின் கையும் அன்று சேர்ந்துகொண்டது. அம்மன்னன் அவருடைய சமயத்தை வினவித் தயங்கவில்லை. போகும் வழிக்கு வேண்டியதைக் கொடுத்தான்.

இதனை எழுதும்போது மற்றொன்றையும் மறைத்தல் முறையன்று. அவ்வரசன் ஆண்ட அதே வடபுலத்திலிருந்து 1990 ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே முஸ்லிம் மக்கள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளைவிட்டு, கையிற் கிடைத்ததோடு வெளியேற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்ததும் புத்தளத்திலேதான். வரலாறு கற்பிக்கும் நாம் முந்தியதை மட்டும் பெருமையாகச் சொல்லிப் பிந்தியதை விழுங்குதல் மாணவர்க்குச் செய்யும் வஞ்சனையாகும்.

மீண்டு வந்தபோது

1348 இல் இப்னு பதூதா டமஸ்கசுக்குத் திரும்பினார். அங்கே மணந்து கருவுற்றிருக்கையில் விட்டுச்சென்ற மனைவி ஓர் ஆண்மகவைப் பெற்றாள் என்று இந்தியாவிலிருந்தபோது கேள்வியுற்று, அக்குழந்தைக்கென நாற்பது பொற்காசு அனுப்பியிருந்தார். முதலிற் பள்ளிவாசலுக்குச் சென்றார். தற்செயலாய் அங்கே கண்டது ஆசிரியர் நூருத்தீன் ஸகாவியை. காய்ச்சலிலே தம்மைக் காத்த அதே பெரியவரை! முகமன் கூறினார். ஆசிரியருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் அல்லவா? தாம் இன்னார் என்று சொல்லி, மகனைப்பற்றிக் கேட்டார். அவன் இறந்து பன்னிரண்டு ஆண்டாயிற்று என்றார் ஆசிரியர்.

தாஞ்சியர்க் கல்விமான் ஒருவர் அந்நகரில் இருப்பதறிந்து தேடிச்சென்று பெற்றோரை வினவினார். தந்தை மறைந்து பதினைந்து ஆண்டு. தாய் உயிருடன் இருக்கிறாள் என்ற செய்தி கிடைத்தது. உடனே ஊர் திரும்பினாரல்லர். மீண்டுமொரு ஹஜ் செய்து, பின்னரே மேற்கு நோக்கினார். அப்பொழுது கொள்ளைநோய் நாடு நகரங்களை அழித்துக்கொண்டிருந்தது. 1349 இல் மொரோக்கோ எல்லையைக் கடந்து தாஸா என்னும் ஊரை அடைந்தபோது, தாயும் அந்நோய்க்கு இரையாயினாள் என்று கேட்டார். இருபத்துநான்கு ஆண்டு கழித்துத் தாஞ்சியர் சென்றவர் கண்டது அன்னையின் கல்லறையையே. 1355 இல், அரசன் ஆணைப்படி தம் பயண வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தார். அந்நூலாலேயே இவையெல்லாம் நமக்குத் தெரியவந்தன.

இக்கதையில் நம் வீடுகளுக்கு இரண்டு செய்திகள் உள. ஒன்று, செல்லும் பிள்ளைகளுக்கு. அக்காலத்திலே ஒரு கடிதம் போய்ச்சேர ஆண்டுகள் ஆயின. இப்னு பதூதாவை நாம் குறைகூறல் தகாது. இக்காலத்திலோ ஒரு நொடியிலே குரல் போய்ச்சேரும். இருந்தும் வாரக்கணக்காய் வீட்டோடு பேசாத பிள்ளைகள் உளர். நேரமில்லை என்பர். தாயின் கல்லறைமுன் நின்ற அம்மனிதரை அவர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்கட்டும்.

மற்றையது, வீட்டிலிருக்கும் நமக்கு. நம் பிள்ளைக்குப் பிறநாட்டிலே ஓர் ஆசிரியர், ஓர் அயலார், ஒரு வழித்துணைவர் வாய்க்கவேண்டுமென்று நேர்ந்துகொள்கின்றோம். நம் ஊர்க் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வேறு மாவட்டத்திலிருந்து, வேறு மொழியும் வேறு சமயமும் உடைய பிள்ளைகள் பெட்டியோடு வந்திறங்குகின்றார்கள். அவர்களுக்கும் எங்கோ ஒரு தாய் இருக்கின்றாள். பேருந்து நிலையத்திலே எல்லோரும் தத்தம் உறவினரை அழைத்துக்கொண்டு கலைந்துபோக, ஒரு பிள்ளை மட்டும் முகவரித்துண்டைக் கையிற் பிடித்து நிற்பதை நாம் கண்டிருப்போம். அடுத்தமுறை கண்டால் அருகே சென்று, "எங்கே தம்பி போகவேணும்?" என்று கேட்போம்.